ஒருங்கிணைப்பும் கருத்துநிலையும்: ஓர் உளச்சிகிச்சைச் சஞ்சிகையின் ஆசிரியவுரை பற்றிய சில குறிப்புகள்

1

கல்விசார் சஞ்சிகையின் பத்திராதிபர் ஆற்றும் பணி பெரும்பாலும் தொழில்நுட்பப் பணியாகவே கருதப்பட்டு வருகின்றது. கட்டுரைகளைப் பெறுதல், துறைவல்லாரிடம் அனுப்பி அவர்தம் அபிப்பிராயத்தை அறிதல், மொழிநடையைச் செம்மை செய்தல், உரிய காலத்தில் அச்சேற்றுதல் ஆகியவற்றுடன் அவரது கடமை நிறைவுறுவதாக எண்ணுவோர் பலர். ஆயின், எக்கருத்து ஆய்வுக்குரியது, எவர் பேசத் தகுதியுடையவர், எவருக்குப் பதிலுரைக்கும் உரிமை உண்டு என்னும் வினாக்களுக்கு ஒவ்வோர் இதழிலும் விடை கூறுபவர் அவரே. அவ்விடைகள் வெளிப்படையாகக் கூறப்படாதவிடத்து அவற்றின் கருத்துநிலைச் சார்பு மிக வலுவாகச் செயற்படுகின்றது எனலாம்.

பல்வேறு சிந்தனைப் பள்ளிகளை ஒன்றிணைக்க முனையும் சஞ்சிகையைப் பொறுத்தவரையில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. தனியொரு பள்ளியின் சஞ்சிகை தன் சார்பை அட்டையிலேயே அறிவித்துவிடுகின்றது. சகல பள்ளிகளுக்கும் இடமளிக்கும் சஞ்சிகையோ தான் எச்சார்புமற்றது எனக் கூறிக்கொள்கின்றது. அக்கூற்று எத்தகைய வரலாற்றுச் சூழலிலே, எவரை உள்ளடக்கி, எவரை விலக்கி எழுகின்றது என்பதை ஆராய்வது விமர்சகனின் கடமையாகும்.

உளச்சிகிச்சைத் துறையில் ஒருங்கிணைப்பு நோக்கு இன்று நன்கு வேரூன்றியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய ஒரு சஞ்சிகை ‘கதம்ப உளச்சிகிச்சை’ எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கி வந்தது. 1987இல் அதன் தலைப்பில் ‘ஒருங்கிணைந்த’ என்னும் அடைமொழியும் சேர்க்கப்பட்டது. உளச்சிகிச்சை ஒருங்கிணைப்பை ஆராய்வதற்கான சங்கம் 1983இலும், அதன் சஞ்சிகை 1991இலும் தோன்றின. இவ்வியக்கத்தின் முன்னோடிகளாகச் சிலர் வழக்கமாகக் குறிக்கப்படுவர். உளப்பகுப்பையும் பவ்லோவின் ஆய்வுகளையும் இணைத்து நோக்கி 1932இல் உரையாற்றிய தோமஸ் பிரெஞ்ச், வெவ்வேறு சிகிச்சைகளுக்குப் பொதுவான காரணிகள் உள்ளன என 1936இல் எழுதிய சோல் ரோசன்ஸ்வைக், 1950இல் கூட்டாக நூல் வெளியிட்ட டொலார்ட், மில்லர், 1977இல் உளப்பகுப்பையும் நடத்தைச் சிகிச்சையையும் இணைத்து எழுதிய போல் வாக்டெல் ஆகியோர் அவர்கள். இவ்வாறு கூறப்படும் வரலாறு பெரிதும் அமெரிக்க வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. இதற்கு முன்னரே, பல பள்ளிகளையும் ஓரிடத்தில் கூட்டும் நோக்கோடு ஜேர்மன் மொழியில் வெளிவந்த ஒரு சஞ்சிகையும் அதற்கு நேர்ந்த கதியும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறுவதில்லை. அச்சஞ்சிகையையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

இலக்கியம் பயின்றோர்க்கு உளச்சிகிச்சைச் சஞ்சிகையில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். ஆசிரியவுரை என்பதும் ஓர் எழுத்து வகையே. அதற்கெனச் சொல்லாட்சியும் மரபும் மௌனங்களும் உள. அவற்றை வாசித்தறியும் முறையியலை இலக்கிய விமர்சனம் நமக்குத் தந்துள்ளது.

2

முதலாம் உலகப் போர் ஐரோப்பிய மருத்துவத்துக்கு ஒரு நெருக்கடியை உண்டாக்கிற்று. போர்முனையிலிருந்து திரும்பிய பெருந்தொகையான போர்வீரரின் உளப்பாதிப்புகளை உடற்கூற்றியல் ஒன்றினால் மட்டும் விளக்க முடியவில்லை. இச்சூழலில், பிராய்ட், அட்லர், யுங் ஆகியோரின் பிரிவுகளையும் அறிதுயில், கருத்தேற்றம் முதலிய முறைகளையும் மருத்துவர்களின் பொது அரங்கொன்றிற்குக் கொண்டுவரும் முயற்சி வைமார் குடியரசின் கீழ் நடைபெற்றது. 1926இல் பாடன்-பாடன் நகரில் இதற்கென முதல் மாநாடு கூடிற்று. அதன் பயனாக உளச்சிகிச்சைக்கான பொது மருத்துவச் சங்கம் உருவாயிற்று. அதன் சஞ்சிகை 1928இல் தோன்றி, 1930 முதல் ‘சென்ட்ரல்பிளாட்’ என்னும் பெயரைத் தாங்கியது. ‘மைய ஏடு’ என அதனைத் தமிழில் வழங்கலாம். அது லைப்சிக் நகரின் ஹிர்ட்சல் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. உளமருத்துவரான ஏர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் சங்கத்தின் தலைவராக விளங்கினார். யூதரும் சோசலிசச் சார்புடையவருமான ஆர்தர் குரோன்பெல்ட் ஆசிரியப் பணியில் பங்குகொண்டவர்களுள் ஒருவர்.

1933 சனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 6ஆந் திகதி கிரெட்ச்மர் தலைமையைத் துறந்தார். மறுநாள் யூதரை அரச பதவிகளிலிருந்து அகற்றும் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அம்மாத இறுதிக்குள் யூத மருத்துவர் பலர் நோய்க் காப்புறுதிச் சேவையிலிருந்தும் விலக்கப்பட்டனர். மே 10ஆந் திகதி பேர்லினில் எரிக்கப்பட்ட நூல்களுள் பிராய்டின் நூல்களும் அடங்கும். யூன் மாதத்தில், சங்கத்தின் துணைத் தலைவராயிருந்த சுவிற்சர்லாந்தினரான கார்ல் குஸ்தாவ் யுங் தலைமையை ஏற்றார். சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. செத்தெம்பரில் சங்கத்தின் ஜேர்மன் கிளை தனியே அமைக்கப்பட்டது. அதன் தலைவர் மத்தியாஸ் ஹைன்ரிக் கோரிங். அவர் அட்லரின் மரபில் பயின்ற நரம்பியல் மருத்துவர். ஆட்சிப்பீடத்திலிருந்த ஹேர்மன் கோரிங்கின் உறவினர்.

ஒக்டோபர் 4ஆந் திகதி பத்திராதிபர் சட்டம் வெளிவந்தது. செய்தித்தாள்களினதும் அரசியல் ஏடுகளினதும் ஆசிரியர்கள் ‘ஆரியர்’ ஆதல் வேண்டும் என அது விதித்தது. மருத்துவச் சஞ்சிகைகள் அச்சட்டத்தின் நேரடி இலக்கு அல்ல. ஆயினும், பத்திராதிபர் என்னும் பதவிக்கே அரசு புதிய வரைவிலக்கணம் தந்துவிட்டது. இதற்கு ஏறத்தாழ இரு மாதங்களின் பின், 1933 திசெம்பரில், மைய ஏட்டில் யுங்கின் ஆசிரியவுரை வெளியாயிற்று.

3

ஏறக்குறைய ஒரு பக்க அளவினதான அவ்வுரையின் கட்டுக்கோப்பு ஊன்றி நோக்கத்தக்கது. கிரெட்ச்மர் விலகியமையால் பொறுப்பு தமக்கு வந்ததென்றும், அம்மாற்றம் ஜேர்மனியின் பெரும் அரசியல் மாற்றத்தோடு ஒரே காலத்தில் நிகழ்ந்ததென்றும் அது தொடங்குகின்றது. விஞ்ஞானம் என்ற வகையில் உளச்சிகிச்சைக்கு அரசியலோடு தொடர்பில்லை என அடுத்துக் கூறப்படுகின்றது. ஆனால் அதே வாக்கியம் இன்னுமொன்றைக் கூறுகின்றது: உளச்சிகிச்சையிலே நிலவும் கோட்பாட்டுக் குழப்பம், முன்னர் அரசியலிலே நிலவிய நிலையை ஒத்தது என்பதே அது. ஒருபக்கச் சார்பான, ஒன்றையொன்று விலக்கும் நோக்குகள் மிதமிஞ்சிய செல்வாக்குப் பெற்றுவிட்டன. ஆகவே உண்மையான பங்களிப்புகள் யாவற்றையும் நடுநிலையோடு மதித்து, மனித உளத்தின் அடிப்படைகளுக்கு நியாயம் வழங்கும் முழுமைநோக்கு ஒன்றை உருவாக்குவதே மைய ஏட்டின் பணியாகும். இத்துடன் நின்றிருப்பின் அவ்வுரையை ஒருங்கிணைப்பு இயக்கத்தின் முன்னோடிப் பிரகடனமாக இன்று கொண்டாடியிருப்பர்.

அடுத்த அடியிலேயே உரை திசைமாறுகின்றது. ஜேர்மானிய உளவியலுக்கும் யூத உளவியலுக்கும் உள்ள வேறுபாடுகள் அறிவுடையோர் யாவரும் நெடுங்காலமாக அறிந்தவையாம். அவை இனிமேல் மறைக்கப்படப்போவதில்லையாம். அதனால் விஞ்ஞானத்துக்கு நன்மையே விளையுமாம். இது யூத உளவியலைத் தாழ்த்துவதன்று என்னும் விளக்கமும் உடன் தரப்படுகின்றது. கீழைத்தேயத்தவரின் தனித்த உளவியலைப் பற்றிப் பேசுதல் சீனரைத் தாழ்த்துவதாகாது. இதுவும் அவ்வாறே என்பது அவ்விளக்கம். ‘கீழைத்தேயத்தவர்’ என்னும் அடைப்புக்குள் பல காலம் வைத்து எண்ணப்பட்ட மக்களுக்கு, இத்தகைய ஆறுதலுரையின் பெறுமதியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்து மூன்று அம்சங்களை நாம் சுட்ட விரும்புகின்றோம்.

முதலாவது, பள்ளிகளின் பன்மைக்கும் வைமார் காலத்துக் கட்சிகளின் பன்மைக்கும் இடையே வைக்கப்படும் ஒப்புமை. அரசியல் வேண்டாம் என்று தொடங்கிய வாக்கியமே அரசியல் உவமையால் தன் பிரச்சினையை வரையறுக்கின்றது. கோட்பாட்டு விவாதம் ஒரு ‘குழப்பம்’ ஆகக் காட்டப்பட்டதும், ஒருமைப்பாடு குழப்பத்துக்கான மருந்தாகிவிடுகின்றது. 1933இன் ஜேர்மனியிலே அம்மருந்தின் பெயர் யாவர்க்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது, வாக்கிய அமைதி. வேறுபாடுகள் ‘மறைக்கப்படப்போவதில்லை’ எனச் செயப்பாட்டு வினையிலே கூறப்படுகின்றது. இதுவரை மறைத்தவர் எவர், இனிமேல் வெளிப்படுத்துபவர் எவர், அதற்கான அதிகாரத்தை அளித்தது எது என்பன கூறப்படுவதில்லை. பொறுப்பைத் தாம் ஏற்க நேர்ந்ததையும் ஆசிரியர் விதியின் செயலாகவே உரைக்கின்றார். எழுவாய் மறைகின்ற இடத்தில் அதிகாரம் உறைவதை நாம் பல பிரகடனங்களில் கண்டிருக்கின்றோம்.

மூன்றாவதே மிக முக்கியமானது. இனவேறுபாடு பற்றிய பகுதி முழுமைநோக்குக்கு முரணான புறச்செருகல் எனச் சிலர் விளக்க முற்படலாம். எமது வாசிப்பில் அவையிரண்டும் ஒரே தருக்கத்தின் இரு கூறுகள். பள்ளிகளுக்கிடையிலான வேறுபாடுகளை அவற்றின் கருத்துகளிலும் சிகிச்சை அனுபவத்திலும் தேடினால் விவாதம் தொடர்ந்தாக வேண்டும். அவ்வேறுபாடுகளை எழுதியவரின் பிறப்பிலே தேடினால் விவாதத்துக்கு அவசியமே இல்லை. கருத்து முரண்பாட்டை இன முரண்பாடாகப் பெயர்த்துவிட்டால் ஒருமை எளிதாகக் கைகூடும். ஒரு தரப்பு மேசையிலிருந்து எழுந்து செல்ல வேண்டும், அவ்வளவே. 1934இல் அதே ஏட்டில் வெளியான யுங்கின் நீண்ட கட்டுரை இத்தருக்கத்தை மேலும் விரித்தது. ‘ஆரிய’ நனவிலி யூத நனவிலியிலும் கூடிய ஆற்றல் வாய்ந்தது என்று அங்கு அவர் எழுதினார்.

1933 திசெம்பர் இதழில் கோரிங்கின் அறிக்கையொன்றும் இடம்பெற்றிருந்தது. சங்க உறுப்பினர்கள் ஹிட்லரின் ‘எனது போராட்டம்’ நூலைக் கருத்தூன்றிப் படித்து, அதனைத் தம் பணியின் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என அது எதிர்பார்த்தது. அவ்வறிக்கை ஜேர்மன் உறுப்பினருக்கான தனி வெளியீட்டுக்கே உரியது என்றும், தம்மை அறியாமல் அது ஏட்டில் சேர்க்கப்பட்டது என்றும் யுங் பின்னர் கூறினார். அதனை ஏற்றுக்கொள்வதில் நமக்குத் தடையில்லை. ஏனெனில் அவ்விளக்கமே சஞ்சிகையின் உற்பத்தி உறவுகளை வெளிப்படுத்திவிடுகின்றது. பத்திராதிபர் சூரிச்சில், அச்சகமும் விநியோகமும் லைப்சிக்கில், உறுப்பினருள் மிகப் பெரும்பாலானோர் ஜேர்மனியில். ஏடு எவருடையது என்னும் வினாவுக்கு அட்டையில் உள்ள பெயர் விடையாகாது.

4

இவ்விடயம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி யுங் என்னும் தனிமனிதர் யூத எதிர்ப்பாளரா அல்லரா என்னும் வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. அவர் தரப்பிலும் சில செய்திகள் உள. 1934இல் சர்வதேசச் சங்கம் அமைக்கப்பட்டபோது, தேசியக் கிளை எதிலும் சேராது தனிநபராக உறுப்புரிமை பெறலாம் என்னும் விதி சேர்க்கப்பட்டது. ஜேர்மன் கிளையிலிருந்து விலக்கப்பட்ட யூத மருத்துவர்க்கு அது ஒரு வாயிலாக இருந்தது. இதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் தனிமனித மனச்சாட்சியை நிறுக்கும் முயற்சி, நிறுவனம் பற்றிய வினாவைப் பின்தள்ளிவிடுகின்றது.

1934 பெப்ரவரியில், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த மருத்துவர் குஸ்தாவ் பாலி யுங்கின் ஆசிரியப் பொறுப்பை வன்மையாகக் கண்டித்து எழுதினார். அக்கண்டனம் சூரிச்சின் பிரபல நாளேடான ‘நொய்ய சூர்ச்சர் சைத்துங்’கில் வெளியாயிற்று. யுங்கின் பதிலும் மார்ச் மாதத்தில் அதே நாளேட்டிலேயே வந்தது. இளம் விஞ்ஞானமாகிய உளச்சிகிச்சையை அழிவிலிருந்து காப்பதற்கே தாம் அப்பொறுப்பை ஏற்றதாக அவர் வாதிட்டார். இவ்வாதத்தின் நியாய அநியாயங்களைக் காட்டிலும் அது நிகழ்ந்த இடம் எமக்கு முக்கியமாகப் படுகின்றது. எல்லாப் பள்ளிகளையும் நடுநிலையோடு மதிப்பதாக அறிவித்த சஞ்சிகையின் அடிப்படை பற்றிய விவாதம், அச்சஞ்சிகைக்கு வெளியே, ஒரு செய்தித்தாளில் நடைபெற வேண்டியதாயிற்று.

இதனோடு பிறிதொரு நிகழ்ச்சியை ஒப்பிடலாம். 1932இல் பிராய்டியரின் சர்வதேசச் சஞ்சிகைக்கு, கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்திருந்த வில்ஹெல்ம் ரைக் ஒரு கட்டுரை அனுப்பினார். பிராய்டின் மரண உந்தல் கொள்கையை அது மறுத்தது. ரைக்கின் கட்சிச் சார்பைச் சுட்டும் ஆசிரியக் குறிப்பொன்றுடன் அதனை வெளியிட பிராய்ட் எண்ணினார். இறுதியில் குறிப்பு கைவிடப்பட்டது. ரைக்கின் கட்டுரையும் அதற்கு சீக்பிரீட் பேர்ன்பெல்ட் எழுதிய மறுப்பும் ஒரே இதழில் வெளியாயின. இதனை இலட்சிய நிலையாக நாம் காட்டவில்லை. 1934இல் ரைக் அவ்வியக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். ஆயினும், ஒருங்கிணைப்பைப் பற்றி எதுவும் பேசாத, ஒரு பள்ளிக்கே உரிய வைதிகச் சஞ்சிகை, தன் அடிப்படையை மறுக்கும் குரலையும் அதற்கான மறுமொழியையும் ஒரே அட்டைக்குள் அச்சேற்றிற்று. ஒருங்கிணைப்பை இலட்சியமாகக் கொண்ட சஞ்சிகையால் அது இயலவில்லை.

1936இல் பேர்லினில் கோரிங்கின் தலைமையில் நிறுவப்பட்ட நிறுவனம் இவ்வகை ஒருமைப்பாட்டின் நிறைவேற்றமாகும். பிராய்ட், யுங், அட்லர் ஆகியோரின் வழிவந்தோர் யாவரும் அங்கு ஒரே கூரையின் கீழ் அமர்த்தப்பட்டனர். அக்கூரை 1920 முதல் வறியோர்க்குக் குறைந்த கட்டணத்திலும் இலவசமாகவும் சிகிச்சை அளித்து வந்த பேர்லின் உளப்பகுப்பு நிறுவனத்தினது. அதன் யூத உறுப்பினர்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். அதே ஆண்டு முதல் கோரிங் மைய ஏட்டின் இணையாசிரியருமானார். யுங் 1939–40 காலத்திலேயே தம் பொறுப்புகளிலிருந்து நீங்கினார். கோரிங்கின் நிறுவனத்தில் வெளிநோயாளர் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் ரிட்மைஸ்டர் நாசி எதிர்ப்பியக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1943 மே மாதத்தில் பேர்லினில் தலை துண்டிக்கப்பட்டார். அந்நிறுவனத்தின் வரலாற்றை ஜெப்ரி கொக்ஸ் 1985இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

5

முற்போக்கு வாசகர் சிலர் இவற்றையெல்லாம் பாசிசத்தின் கணக்கில் எழுதிவிட்டு அமைதியடையக்கூடும். அது போதுமானதன்று. 1936 யூலையில் சோவியத் ஒன்றியக் கட்சியின் மத்திய குழு, பிள்ளைவளர்ச்சி ஆய்வான பெடொலொஜித் துறையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்துறை ஒழிக்கப்பட்டது, லெவ் வைகொட்ஸ்கியின் எழுத்துகளும் நெடுங்காலம் புறந்தள்ளப்பட்டன. நாசிகளிடமிருந்து தப்பி மொஸ்கோவில் அடைக்கலம் புகுந்த குரோன்பெல்ட், ஜேர்மன் படை அந்நகரை நெருங்கிய 1941 ஒக்டோபரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இரு ஆட்சிகளையும் சமன் செய்வது எமது நோக்கமன்று. ஆனால் விஞ்ஞான முரண்பாட்டைத் தீர்மானத்தால் முடித்துவைக்கும் போக்கு எவரிடத்துத் தோன்றினும் அதனை அதுவென்றே அழைத்தல் வேண்டும்.

இப்பிரச்சினைக்குக் கோட்பாட்டுத் தெளிவு தந்தவரும் வைகொட்ஸ்கியே. 1925இல் அவரது சகாவான லூரியா, உளப்பகுப்பை ஒருமைவாத உளவியலாகக் கொண்டு மார்க்சியத்தோடு பொருத்த முனைந்தார். 1926–27இல் உளவியலின் நெருக்கடி பற்றி வைகொட்ஸ்கி எழுதிய ஆய்வு இவ்வகைப் பொருத்தல்களைக் கடுமையாக விமர்சித்தது. அவ்வாய்வு 1982இலேயே அச்சேறிற்று. வேறுபட்ட அமைப்புகளிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டும்போது அவற்றிடையேயான உண்மையான முரண்கள் கண்ணை மூடிக்கொண்டு கடக்கப்படுகின்றன என்பது அவரது வாதத்தின் சாரம். இதனையே நாம் கதம்பவாதம் என்கின்றோம். இயங்கியல் அடிப்படையிலான ஒருங்கிணைப்பு முரணை வெளிக்கொணர்ந்து, அதன் தோற்றுவாயை விளக்கி, அதனூடாக உயர்ந்த நிலையை எய்துவது. கதம்பவாதத்துக்கோ முரண் ஓர் இடையூறு. தன்னுள் ஒருமைக்கான தத்துவம் இல்லாமையால், அது அவ்வொருமையை வெளியிலிருந்து கடன்பெற வேண்டியுள்ளது. 1933இல் அக்கடனை அரசு வழங்கிற்று.

பிற்காலத்தில் அதனை வழங்குவது பெரும்பாலும் சந்தையே. அமெரிக்க ஒருங்கிணைப்பு இயக்கத்தின் முன்னணியினரான நோர்க்ரொஸ், கோல்ட்பிரீட் ஆகியோர் 1992இல் தொகுத்த கைந்நூல், அவ்வியக்கம் வளர்ந்தமைக்கான காரணங்களுள் கோட்பாடுகளின் போதாமையோடு வெளிச் சமூக-பொருளாதார நிர்ப்பந்தங்களையும் குறிக்கின்றது. சிகிச்சைக் கட்டணத்தைச் செலுத்தும் காப்புறுதி அமைப்புகள் குறுகிய கால, விளைவைக் கணக்கிட்டுக் காட்டத்தக்க முறைகளை வேண்டுகின்றன. பள்ளிகளுக்கிடையிலான பகைமை தணிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வியக்கத்தின் பணி இதனால் பெறுமதியற்றதாகிவிடாது. தன் பெயரிலேயே ‘ஆராய்தல்’ என்னும் சொல்லை வைத்துக்கொண்ட சங்கம், ஒருமை கைகூடிவிட்டது என உரிமை பாராட்டாமல் விட்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும், நோயாளியின் துயர் எங்கிருந்து வருகின்றது, அதற்கும் அவரது வேலைக்கும் வறுமைக்கும் என்ன தொடர்பு என்னும் வினாக்கள் ‘பொதுக் காரணி’களின் பட்டியலில் இலகுவில் இடம்பெறுவதில்லை. பேர்லினின் இலவச மருத்துவமனை எழுப்பிய வினா அதுவே.

ஒருங்கிணைப்பைக் குறிக்கோளாகக் கொள்ளும் சஞ்சிகையை மதிப்பிட எத்தனை பள்ளிகளின் பெயர்கள் அதன் பொருளடக்கத்தில் உள்ளன என எண்ணிப் பார்த்தல் போதாது. அச்சஞ்சிகையின் அடிப்படையை மறுப்பவர்க்கு அதன் பக்கங்களிலேயே பதிலுரைக்க இடமுண்டா? ஒரு கருத்தின் வேர் ஆராயப்படும்போது, அது கூறியவரின் பிறப்பிலன்றி வாழ்நிலைமைகளிலும் சான்றுகளிலும் தேடப்படுகின்றதா? அச்சகம், நிதி, விநியோகம் ஆகியவற்றை எவர் கட்டுப்படுத்துகின்றனர் என்பதை ஆசிரியவுரை வாசகர்க்கு அறிவிக்கின்றதா? மைய ஏட்டின் 1933 திசெம்பர் இதழ் இம்மூன்று வினாக்களுக்கும் எதிர்மறையாகவே விடையளித்தது. அவ்விதழின் வாசகர்கள் மருத்துவர்கள்; கற்றறிந்தவர்கள். முழுமைநோக்கு என்னும் சொல்லுக்கு அடுத்த வாக்கியத்தில் நின்றதை அவர்களுட் பலர் பொருட்படுத்தாது கடந்து சென்றனர். ஆசிரியவுரையை அடுத்த வாக்கியத்தோடும் சேர்த்து வாசித்தலே விமர்சனத்தின் குறைந்தபட்சக் கடமை என்பது எமது முடிபாகும்.